1.2 பெட்ரோல் ஆயில் குடிக்குது, 20டபிள்யூ-50 ஊத்தச் சொல்றாங்க... ஊத்தலாமா? (குன்னூர்)

சிம்ஸ்பார்க் ஓரம்

வணக்கம் மக்களே. நம்ம வண்டி 2013 மாடல் 1.2 பெட்ரோல் ஹேட்ச்பேக், 1,18,000 ஓடியிருக்கு. வேலை விஷயமா வாரத்துக்கு ரெண்டு தடவ குன்னூர்ல இருந்து கோயம்புத்தூர் இறங்கி ஏறுவேன். போன வருசம் வரைக்கும் ஆயில் அளவு பாக்கற டிப்ஸ்டிக்க சர்வீஸ்லதான் யாராவது உருவிப் பாப்பாங்க, நான் தொட்டதே இல்ல. இப்போ மூணு மாசமா 1800 கி.மீ.க்கு ஒரு லிட்டர் காணாம போகுது. அடியில அட்டை விரிச்சு ராத்திரி முழுக்க நிறுத்திப் பாத்துட்டேன், ஒரு சொட்டு விழல.

கடைசி சர்வீஸ்ல 0டபிள்யூ-20 ஊத்துனாங்க, அதுக்கு முன்னாடி எப்பவும் 5டபிள்யூ-30தான். மேனுவல்ல ரெண்டும் போட்டிருக்கு. ஆனா அந்த ஆயில் தண்ணி மாதிரி இருக்கு, எனக்கு அது மேலதான் டவுட்.

போன வாரம் இங்க ஒரு பட்டறைல காட்டினேன். சிலிண்டர் அழுத்தம் பாக்கற கம்ப்ரஷன் கேஜ் போட்டாரு, நாலு சிலிண்டரும் 146, 148, 145, 147. மேனுவல்ல 180 பிஎஸ்ஐ. "பிஸ்டன் ரிங் போச்சு சார், இன்ஜின் இறக்கணும், சிலிண்டர் போர் பாக்கணும்"னு ஒரு எஸ்டிமேட் எழுதிக் குடுத்தாரு, அதப் பாத்ததும் எனக்கே கம்ப்ரஷன் இறங்கிடுச்சு. பணம் ரெடியாகற வரைக்கும் 20டபிள்யூ-50 ஊத்தி ஓட்டுங்க, குடிக்கிறது நின்னுடும்னும் சொன்னாரு. ஊத்தலாமா வேணாமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எஸ்டேட் ஜீப்

தம்பி, தாராளமா ஊத்துங்க. நான் கட்டபெட்டு பக்கம், பச்சத் தேயிலை மூட்டை ஏத்துற பழைய டீசல் ஜீப் வச்சிருக்கேன், எட்டு வருசமா 20டபிள்யூ-50தான். கம்பெனி சொன்னது 15டபிள்யூ-40. கெட்டியா இருந்தா ரிங் சந்துல போகாது, இது ஒண்ணும் ராக்கெட் சயின்ஸ் இல்ல. இப்ப வர்ற ஆயிலெல்லாம் மைலேஜ் காட்றதுக்காக தண்ணியா பண்ணி விக்கிறாங்க. நம்ம ஜீப் ஒரு சொட்டு குடிக்காது.

தலைகுந்தா குளிர்

அண்ணா உங்க டீசல் ஜீப்பும் அவரோட பெட்ரோல் காரும் ஒண்ணா? அப்புறம் டிசம்பர்ல எங்க ஊர்ல புல்லு மேல வெள்ளையா உறைபனி கெடக்கும், காலைல 20டபிள்யூ-50 தேன் மாதிரி நிக்கும், வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. மலைல 0டபிள்யூதான் போடணும்னு எங்க சர்வீஸ் ஆளு சொல்லுவாரு.

அருவங்காடு பொண்ணு

ரெண்டு பேரும் பாதி பாதி சரி. நான் அருவங்காட்டுல பொறந்து வளந்தவ, இப்ப சென்னைல ஒரு லூப்ரிகன்ட் லேப்ல வேலை, தினமும் இந்த நம்பரோடதான் குடித்தனம்.

டபிள்யூக்கு முன்னாடி இருக்கற நம்பர் குளிருக்கு. 0டபிள்யூன்னா மைனஸ் 35 டிகிரில ஸ்டார்ட்டர் இன்ஜின சுத்துற அளவுக்கு இளக்கமா இருக்கணும், 5டபிள்யூ மைனஸ் 30, 10டபிள்யூ மைனஸ் 25, 15டபிள்யூ மைனஸ் 20, 20டபிள்யூவே மைனஸ் 15 வரைக்கும் டெஸ்ட் பண்ணதுதான். ஊட்டில எவ்ளோ குளிர்னாலும் பூஜ்யத்த ஒட்டித்தானே போகுது. அதனால ஸ்டார்ட் ஆகாதுங்கறது ஆயில் மேல போடற பழி, அது பெரும்பாலும் பேட்டரி. ஆனா கெட்டி ஆயில் குளிர்ல மேல கேம்ஷாஃப்ட் வரைக்கும் ஏறி வர கொஞ்சம் நேரம் எடுக்கும், அந்த சில செகண்டுல தேய்மானம் இருக்கு. அதுக்காக 5டபிள்யூ நல்லது, 0டபிள்யூதான் வேணும்னு இல்ல.

டபிள்யூக்கு பின்னாடி இருக்கற நம்பர்தான் சூடான இன்ஜின்ல ஆயில் எவ்ளோ கெட்டிங்கறது. 100 டிகிரில 20 கிரேடுன்னா 6.9ல இருந்து 9.3 சென்டிஸ்டோக்குக்குள்ள, 30ன்னா 9.3 – 12.5, 40ன்னா 12.5 – 16.3, 50ன்னா 16.3 – 21.9. ஸோ 20ல இருந்து 50க்கு போனா சூட்டுல ரெண்டு மடங்குக்கு மேல கெட்டி. அவரு இன்ஜின்ல வால்வ் டைமிங் மாத்துற விவிடி இருந்தா அது ஆயில் பிரஷர வச்சுத்தான் வேலை செய்யும், அவ்ளோ கெட்டி ஊத்துனா செக் இன்ஜின் லைட்டு எரிய சான்ஸ் இருக்கு. பழைய ஜீப்புக்கு அந்தக் கவலை கிடையாது, அதான் அண்ணன் ஜாலியா இருக்காரு.

இப்ப முக்கியமான விஷயம். மெல்லிசான ஆயில்னாலே அதிகமா குடிக்கும்னு இல்ல. ஆயில் ஆவியா போறது ஒரு வழி, அதுக்கு நோவாக்னு ஒரு டெஸ்ட், 250 டிகிரில ஒரு மணி நேரம் வச்சு எத்தன சதவீதம் காணாம போச்சுன்னு எடை போட்டுப் பாப்போம். அமெரிக்காவோட ஏபிஐ எஸ்பி தர ஆயிலுக்கு 15 சதவீதம் வரைக்கும் அனுமதி, ஐரோப்பா ஏசிஇஏ தரத்துல நிறைய வகைக்கு 13. ஒரே 5டபிள்யூ-30 டப்பா ரெண்டு எடுத்தா ஒண்ணு 8, இன்னொண்ணு 14 இருக்கலாம். டப்பா மேல கிரேடு மட்டும் பெருசா போட்டிருக்கும், இந்த நம்பர டேட்டா ஷீட்லதான் தேடணும். நல்ல சிந்தட்டிக் 0டபிள்யூ-20 ஒரு மட்டமான மினரல் 10டபிள்யூ-30ய விட கம்மியா ஆவியாகும்.

எஸ்டேட் ஜீப்

அம்மணி நீங்க லேப்ல சொல்றீங்க, நாங்க ரோட்டுல சொல்றோம். கெட்டி ஊத்துனா குடிக்கிறது குறையும், கண்ணால பாத்தது.

அருவங்காடு பொண்ணு

குறையும்ணா, இல்லன்னு சொல்லல. தேஞ்ச இன்ஜின்ல வால்வ் சந்து, பழைய பேக்கிங், சீல் வழியா கெட்டி ஆயில் மெதுவாத்தான் போகும். ஆனா ஆயில் ரிங்கோட தொளை கார்பன் பிடிச்சு அடைச்சிருந்துச்சுன்னா கதை வேற. சிலிண்டர் சுவர்ல இருந்து வழிச்ச ஆயில் அந்த தொளை வழியா கீழ இறங்கணும், அடைச்ச தொளைல மெல்லிசே இறங்காது, கெட்டி எப்படி இறங்கும்? அங்கேயே நின்னு வேகும். அப்ப அதிகமா கூட குடிக்கலாம். நோய் எதுன்னு தெரியாம மருந்து மாத்துறதுல இதான் சிக்கல்.

ஆர்எக்ஸ் வெறியன்

இதுக்குத்தான் ஆர்எக்ஸ் 100 டூ-ஸ்ட்ரோக் பைக் வாங்கணும்கறது. ஆயில் குடிக்கிறதே அதோட டிசைன். ரிப்பேர்னு யாரும் சொல்ல முடியாது 😄

கல்லாறு பட்டறை

ஏனுங்க, எல்லாரும் ஆயில் டப்பாவுலயே நின்னுட்டீங்க, அந்த கம்ப்ரஷன் நம்பர ஒருத்தரும் பாக்கலீங்களா? நான் மேட்டுப்பாளையத்துல 22 வருசமா ஸ்பேனர் புடிக்கிறேன், மலை வண்டி பாதிக்கு மேல நம்மகிட்ட வர்றதுதான்.

குன்னூர் எவ்ளோ உயரமுங்க, 1850 மீட்டர். அங்க காத்து அழுத்தமே கடல் மட்டத்த விட அஞ்சுல ஒரு பங்கு கம்மி. சிலிண்டர் உள்ள இழுக்கற காத்தே கம்மியா இருக்கறப்ப அமுக்குனா மட்டும் 180 எங்கிருந்து வரும்? மேனுவல்ல போட்டிருக்கறது கீழ் நாட்டு கணக்குங்க. மேல வச்சு பாத்தா எதுலீங்கன்னாலும் 15, 20 சதவீதம் கம்மியாத்தான் காட்டும், ஷோரூம்ல இருந்து நேத்து வந்த வண்டியா இருந்தாலும். 146ங்கறது எனக்கு நல்ல இன்ஜினாத்தான் தெரியுது. அதுவும் நாலும் மூணு பாயிண்டுக்குள்ள நிக்குது. ரிங் போன வண்டில ஒண்ணு ரெண்டு சிலிண்டராச்சும் தனியா படுத்திருக்கும்.

இன்னொண்ணு, அவரு பாக்கறப்ப இன்ஜின் சூடா இருந்துச்சா, நாலு பிளக்கும் கழட்டுனாரா, ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சு புடிச்சாங்களா? இது எதயும் பண்ணாம பச்சையா அடிச்சா இன்னும் கம்மியாத்தான் வரும். இத வச்சு இன்ஜின் இறக்கறதுன்னா எனக்கு பேச்சே வரலீங்க.

சிம்ஸ்பார்க் ஓரம்

அய்யோ அண்ணா நீங்க கடவுள். பிளக் நாலும் கழட்டுனாரு, ஆனா ஆக்சிலேட்டர யாரும் மிதிக்கல, நான் பக்கத்துலதான் டீ குடிச்சிட்டு நின்னேன். அப்ப ரிங் இல்லன்னா வேற என்ன?

கல்லாறு பட்டறை

ரிங் இல்லவே இல்லன்னு நான் சொல்லலீங்க, கேஜு சொன்னது பத்தாதுன்னேன். கம்ப்ரஷன் ரிங் நல்லா இருந்து ஆயில் ரிங் மட்டும் ஒட்டிக்கறதும் உண்டு, அது கேஜுல தெரியாது. மொதல்ல புகைய சொல்லுங்க. எப்ப வருது, என்ன கலரு?

சிம்ஸ்பார்க் ஓரம்

காலைல ஸ்டார்ட் பண்ணா வெள்ளையா நிறைய வருது, ரெண்டு நிமிசத்துல நின்னுடும். அப்புறம்... இது எனக்கே இப்பதான் உறைக்குது. மலை இறங்கி கல்லாறு தாண்டி சமதளம் வந்ததும் ஆக்சிலேட்டர் குடுத்தா கண்ணாடில பின்னாடி ஒரு நீலமான புகை தெரியுது. ஒரே ஒரு குப்புன்னு, அவ்ளோதான். பின்னாடி வர்ற பைக்காரன் ஒரு தடவ திட்டிட்டே ஓவர்டேக் பண்ணான்.

கல்லாறு பட்டறை

காலைல வர்ற வெள்ளை நம்ம ஊரு குளிருக்கு வர்ற நீராவிங்க, கூலன்ட் குறையலீனா அத விட்ருங்க. அந்த நீலம்தான் விஷயம்.

பர்லியார்ல இருந்து கீழ வரைக்கும் ரெண்டாவது கியர்ல ஆக்சிலேட்டர்ல கால் வைக்காம இறங்குவீங்க இல்லீங்களா? பெட்ரோல் வண்டில அப்ப திராட்டில் மூடியிருக்கும், இன்ஜின் மட்டும் 3000ல சுத்தும். உள்ள இழுக்க காத்து இல்லாம இன்டேக் மேனிஃபோல்டுல வேக்யூம் எக்கச்சக்கமா ஏறும். வால்வ் சீல் ரப்பர் காஞ்சு கல்லாட்டம் ஆயிருந்துச்சுன்னா, மேல ஹெட்டுல இருக்கற ஆயில அந்த வேக்யூம் வால்வ் தண்டு வழியா உறிஞ்சும், ஸ்ட்ரா போட்டு இளநி குடிக்கற மாதிரி. இறங்கறப்ப இன்ஜெக்டர் பெட்ரோல நிறுத்திடும், உள்ள தீயே இருக்காது, அதனால உறிஞ்சின ஆயில் அங்கயே சேந்துட்டு நிக்கும். கீழ வந்து ஆக்சிலேட்டர் குடுத்ததும் மொத்தமா எரியும். அந்த குப்புன்னு வர்ற நீலம் அதான்.

ரிங்னா ஏறறப்ப, லோடுல, தொடர்ந்து புகையணுமுங்க.

புது லைசன்ஸ்

அப்போ இறங்கும்போது நியூட்ரல் போட்டுட்டா ஆயிலும் மிச்சம் பெட்ரோலும் மிச்சம்தானே?

கல்லாறு பட்டறை

தம்பி, சாமி சத்தியமா சொல்றேன், அந்த யோசனைய இத்தோட விட்ருங்க. 14 ஹேர்பின் இருக்குது, நியூட்ரல்ல இறங்குனா பிரேக் பேடு காஞ்சு மரப்பாலத்துக்கு முன்னாடியே பெடல் உள்ள போயிரும். கருகின பிரேக் நாத்தத்தோட எங்க பட்டறைக்கு வர்ற வண்டிய சீசன்ல வாராவாரம் பாக்கறேன், வந்து சேந்த வண்டிய சொல்றேனுங்க.

அருவங்காடு பொண்ணு

கூடவே, நியூட்ரல்ல பெட்ரோல் மிச்சமும் கிடையாது. கியர்ல இறங்கறப்ப பெட்ரோல் சுத்தமா கட்டாகுது, நியூட்ரல்ல ஐடில் ஓட பெட்ரோல் போயிட்டேதான் இருக்கும்.

சிம்ஸ்பார்க் அண்ணா, உங்ககிட்டயே ஒரு டெஸ்ட் இருக்கு. அதே 0டபிள்யூ-20 வச்சு சமதளத்துல மட்டும் கொஞ்சம் ஓட்டிப் பாத்தீங்களா? ஆயில் மேல குத்தம்னா சமதளத்துலயும் குறையணும்ல.

சிம்ஸ்பார்க் ஓரம்

போன மாசம் மதுரைல ஒரு கல்யாணம், கோயம்புத்தூர்ல மாமா வீட்ல ரெண்டு நாள் இருந்துட்டு அங்கிருந்து போயிட்டு வந்தேன். மலைய கழிச்சு 450 கி.மீ.க்கு மேல. கிளம்பறப்பயும் வந்தப்பயும் மாமா டிப்ஸ்டிக் பாத்தாரு (அவருக்கு அது ஒரு வியாதி), கோடு அசையவே இல்லன்னாரு. நான் அத காதுலயே வாங்கல. ஆனா வீட்ல பாத்தா ஒரு நாள் பாதி இருக்கும், மறுநாள் முக்கா இருக்கும், எனக்கே குழப்பம்.

கல்லாறு பட்டறை

வீட்ல எங்கீங்க நிறுத்தறீங்க?

சிம்ஸ்பார்க் ஓரம்

போர்டிகோல. சரிவுதான். சில நாள் ரிவர்ஸ்ல ஏத்துவேன், சில நாள் நேரா... ஓ.

கல்லாறு பட்டறை

அதேதானுங்க 😀 குன்னூர்ல சமமான இடம் தேடறதும் மேட்டுப்பாளையத்துல மே மாசம் குளிர தேடறதும் ஒண்ணு. பெட்ரோல் பங்க்ல காத்து புடிக்கற இடம் அனேகமா சமமா இருக்கும். தினமும் அதே இடம், வண்டி நிறுத்தி பத்து நிமிசம் கழிச்சு, தொடைச்சுட்டு ரெண்டாவது தடவ விட்டு எடுங்க. கீழ் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவுல நிறைய வண்டில கிட்டத்தட்ட ஒரு லிட்டர், உங்க மேனுவல்ல சரியா பாத்துக்கங்க.

கொடை ரோடு

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கவும். எனக்கு நேர் எதிர் பிரச்சனை. பிஎஸ்6 டீசல், கொடைக்கானல்ல ஊருக்குள்ளயே ஓடுது, ஏரிக்கும் அப்சர்வேட்டரிக்கும் நடுவுல டூரிஸ்ட் ஏத்தி இறக்கி. டிப்ஸ்டிக்ல ஆயில் ஏறுது! மேல் கோட்ட தாண்டிடுச்சு. சந்தோசப்படறதா பயப்படறதா?

அருவங்காடு பொண்ணு

பயப்படுங்க. புகைக்கரிய புடிக்கற டிபிஎஃப் ஃபில்டர்ல சேந்த கரிய எரிக்க இன்ஜின் அப்பப்ப கூடுதல் டீசல் விடும். சின்ன சின்ன ஓட்டத்துல அது முழுசா முடியறதுக்குள்ள நீங்க வண்டிய ஆஃப் பண்ணிடுவீங்க. அந்த டீசல் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியா கீழ ஆயில் நிக்கற சம்ப்ல கலக்கும். அளவு கூடும், ஆயில் நீத்துப் போகும், 5டபிள்யூ-30ன்னு ஊத்துனது 20 கிரேடு மாதிரி ஆயிடும். ஆயில் உண்மையாவே குறைஞ்சிட்டிருந்தாக்கூட டீசல் அத மறைச்சிடும். ஆயில மாத்திடுங்க, வாரம் ஒரு தடவ வத்தலகுண்டு வரைக்கும் இறங்கி கீழ ரோட்டுல ஒரே மூச்சா அரை மணி நேரம் ஓட்டுங்க. மலை இறங்கறது மட்டும் பத்தாது, லோடு இல்லாம டிபிஎஃப் சூடே ஆகாது. திரும்ப ஏறறதுதான் நல்ல வெயிட்டு.

கொடை ரோடு

நன்றிங்க. ஏறுனா சந்தோசம்னு நாலு மாசமா நெனச்சிட்டு இருந்தேன்.

சிம்ஸ்பார்க் ஓரம்

அப்டேட். சனிக்கிழமை கல்லாறு அண்ணன் பட்டறைக்கே போயிட்டேன். இன்ஜின் சூடா, பிளக் நாலும் கழட்டி, நானே ஆக்சிலேட்டர மிதிச்சிட்டு உக்காந்தேன். 174, 176, 173, 175. அதே கார், அதே ரிங், 34 கி.மீ. கீழ இறங்கினதுக்கே! அப்புறம் ஒவ்வொரு சிலிண்டர்லயும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாத்தாரு, நாலோ அஞ்சோதான் ஏறுச்சு. ரிங் தேஞ்சிருந்தா அந்த ஆயில் சந்த அடைச்சு எக்கச்சக்கமா ஏறியிருக்கும்னு சொன்னாரு.

ரெண்டாவது, மூணாவது பிளக்ல ஒரு பக்கம் மட்டும் கருப்பா எண்ணெய் பிசுக்கு. இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவிய இன்டேக்குக்கு விடற பிசிவி வால்வ கழட்டி குலுக்கினாரு, சத்தமே வரல, பிசின் புடிச்சு ஒட்டிக்கிச்சு. அதுவும் ஆயில் ஆவிய இன்டேக்குக்கு தள்ளிட்டு இருந்திருக்கு. வால்வ் சீல் ஹெட்ட கழட்டாமலே மாத்தினாரு, பிளக் ஓட்டை வழியா காத்து ஏத்தி வால்வ் உள்ள விழாம நிறுத்திட்டு மேல ஸ்பிரிங்க எடுக்கறாரு, பாக்கவே கை நடுங்குச்சு. பழைய சீல நகத்தால அழுத்தினா பிளாஸ்டிக் மாதிரி இருக்கு, புதுசு சூயிங்கம் மாதிரி. மொத்த செலவு அந்த எஸ்டிமேட்ல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. ஊத்துனது 5டபிள்யூ-30, அக்கா சொன்னபடி டேட்டா ஷீட் தேடி நோவாக் கம்மியா இருக்கறதா பாத்து எடுத்தேன்.

தலைகுந்தா குளிர்

சூப்பர். ஆனா ஆயிலும் மாத்திட்டீங்க, சீலும் மாத்திட்டீங்க. இனிமே குறையலன்னா எதனாலன்னு எப்படி தெரியும்?

சிம்ஸ்பார்க் ஓரம்

கேள்வி நியாயம்தான், ஆனா திரும்ப பழைய சீல மாட்டிப் பாக்க எனக்கு மனசில்ல ப்ரோ. மதுரை கணக்கு போதும் எனக்கு.

அருவங்காடு பொண்ணு

என் கணிப்பு: ஆயில் மட்டும் மாத்தியிருந்தா கொஞ்சம் குறைஞ்சிருக்கும், நீங்களும் 0டபிள்யூ-20தான் வில்லன்னு முடிவு பண்ணியிருப்பீங்க. சீல் இன்னும் காஞ்சிருக்கும். அடுத்த வருசம் 40, அதுக்கடுத்து 50ன்னு போயிட்டே இருந்திருப்பீங்க.

எஸ்டேட் ஜீப்

இது என்னைய சொல்ற மாதிரியே இருக்கே அம்மணி.

சிம்ஸ்பார்க் ஓரம்

ஏழு வாரம் கழிச்சு வர்றேன். 2200 கி.மீ. ஓடியாச்சு, அத்தனையும் மலைதான். பங்க்ல அதே இடத்துல பாத்தேன், மேல் கோட்டுல இருந்து கால்வாசிக்கும் கம்மியாத்தான் இறங்கியிருக்கு, 200 மில்லி இருக்கும். கல்லாறுல கண்ணாடி பாத்துட்டேதான் ஆக்சிலேட்டர் குடுக்கறேன், நீலம் இல்ல. முதல் பட்டறைக்காரர்கிட்ட போய் உயரக் கணக்க சொன்னேன், கோவிக்கல மனுசன், "அப்படியா சார்"னு கேஜுக்கு பக்கத்துல சுவத்துல எழுதி வச்சுக்கிட்டாரு.

எஸ்டேட் ஜீப்

சந்தோசம் தம்பி. நான் ஒண்ணு சொல்லணும், சிரிக்கக் கூடாது. எட்டு வருசமா ஜீப்பு டிப்ஸ்டிக்க எங்க வீட்டு முன்னாடி எறக்கத்துலதான் பாத்துட்டு இருந்தேன், எப்பவும் ஃபுல்லாத்தான் காட்டும். இன்னிக்கு கோத்தகிரி பங்க்ல சமமா நிறுத்திப் பாத்தேன். கீழ் கோட்டுக்கும் கீழ. இப்ப பங்க்லயேதான் நிக்கறேன், இங்க 15டபிள்யூ-40 ஒரு லிட்டர் டப்பாதான் இருக்காம். அத ஊத்தலாமா, இல்ல 20டபிள்யூ-50 வாங்க ஊருக்குள்ள போகணுமா? அம்மணி, சீக்கிரம்.

அருவங்காடு பொண்ணு

ஊத்துங்கண்ணா ஊத்துங்க! கம்பெனி சொன்னதே அதுதான். கலந்தாலும் ஒண்ணும் ஆகாது, ஆயில் இல்லாம கட்டபெட்டு ஏறிடாதீங்க.